லைப்ரரி எங்கே இருக்கிறது என்று யாரைக் கேட்பது?

தமிழ் வரி ஒன்றை வாங்கி, அதைப் படக்கோப்பாக எழுதித் தரும் சிறிய சி நிரல் ஒன்று என்னிடம் இருக்கிறது. முந்நூறு வரிகூட வராது. மற்றவர்கள் எழுதிவைத்த இரண்டு நிரல் தொகுப்புகளை, அதாவது லைப்ரரிகளை, அது நம்பியிருக்கிறது. எழுத்துருவைத் திறந்து ஒவ்வொரு வடிவத்தையும் வரைவதற்கு ஃப்ரீடைப் லைப்ரரி. ‘கொ’ என்று வந்தால் ஒற்றைக்கொம்பை ககரத்துக்கு முன்னாலும் துணைக்காலைப் பின்னாலும் கொண்டுபோய் நிறுத்துவதற்கு ஹார்ஃப்பஸ் லைப்ரரி. இரண்டாவது இல்லையென்றால் கொம்பும் காலும் சேர்ந்து எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும்; தமிழ் படிக்கிறவர் யாரும் அதைத் தமிழ் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

டெபியன் லினக்ஸ் ஓடும் என் கணினியில் ஓராண்டுக் காலம் பிசகில்லாமல் ஓடிய அந்த நிரலை, ஆப்பிளின் புதிய சிப் கொண்ட மேக் வைத்திருக்கும் நண்பருக்கு அனுப்பினேன். நிரலைக் கட்டச் சொல்லும் ‘மேக்’ கட்டளையைத் தட்டியதும் முதல் வரியிலேயே நின்றது. ‘எஃப்டி2பில்டு.ஹெச்’ என்ற ஹெடர் கோப்பு (லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று அறிவிக்கும் கோப்பு) கிடைக்கவில்லை என்றது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர்.

அவருடைய கணினியில் எந்தக் குறையும் இல்லை. ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ் இரண்டையும் மேக்கில் மென்பொருள் நிறுவித் தரும் ஹோம்புரூ வழியாக ஒழுங்காக நிறுவியிருந்தார். குறை, எப்படிக் கட்டுவது என்று ‘மேக்’ கட்டளைக்குச் சொல்லும் என் மேக்ஃபைலில் இருந்தது. மேக் கணினி என்றால் லைப்ரரிகள் ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ கோப்புறையில் இருக்கும் என்று நான் கையால் எழுதி வைத்திருந்தேன். இன்டெல் சிப் உள்ள மேக்குகளில் ஹோம்புரூ அங்கேதான் நிறுவும். ஆப்பிள் சிப் வந்த பிறகு அந்தக் கணினிகளில் இடம் ‘/ஆப்ட்/ஹோம்புரூ’ என்று மாறிவிட்டது. என் நிரலைப் போலவே பழைய விலாசத்தை நம்பிய மேக்ஃபைல்கள் பல அந்தச் சமயத்தில் உடைந்தன.

அன்றிலிருந்து இந்த ஒரு கேள்வியைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். நான் கண்ணால் பார்க்காத கணினியில், எந்த லைப்ரரி எங்கே இருக்கிறது என்பதை என் நிரல் யாரிடம் கேட்க வேண்டும்? இன்று புழக்கத்தில் உள்ள விடைகள் ஐந்து: விலாசத்தைக் கையால் எழுதுவது, லைப்ரரியோடு வரும் கான்ஃபிக் ஸ்கிரிப்ட்டைக் கேட்பது, ஆட்டோகான்ஃப் செய்வதுபோலச் சோதனை நிரலைக் கம்பைல் செய்து பார்ப்பது, பேக்கேஜ்-கான்ஃபிக்கைக் கேட்பது, சிமேக் அல்லது மெசான் என்ற கட்டும் கருவியிடம் பொறுப்பை ஒப்படைப்பது. ஐந்தையும் பயன்படுத்தியிருக்கிறேன். நான் வந்து சேர்ந்த இடத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: லைப்ரரியை நிறுவியவர் எழுதிவைத்த விலாசத்தைப் படிப்பதுதான் முதல் வழி. தேடிப் பார்ப்பதும் ஊகிப்பதும் அது இல்லாத இடத்தில் மட்டுமே.

கம்பைலருக்கு வேண்டியவை

ஹெடர் கோப்புகள் எந்தக் கோப்புறையில் உள்ளன என்பதைச் சொல்ல கேப்பிடல் ஐ. லைப்ரரிக் கோப்பு எந்தக் கோப்புறையில் என்பதற்கு கேப்பிடல் எல். அங்கே எந்த லைப்ரரி வேண்டும் என்பதற்கு ஸ்மால் எல். கம்பைலர் கட்டளையோடு தரும் இந்த மூன்று குறிகள், அதாவது ஃப்ளாக்குகள்தான் கதையின் பெரும்பகுதி. பதிப்பு போதுமான அளவு புதியதா என்பது நான்காவது கேள்வி.

விடைகள் இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறு. டெபியன் 2013-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து, லைப்ரரிகளைச் சிப்பின் வகைக்கு ஏற்பத் தனித்தனிக் கோப்புறைகளில் வைக்கிறது. ஃபெடோராவில் 64 பிட் லைப்ரரிகள் ‘லிப்64’ கோப்புறைக்குப் போகின்றன. ஃப்ரீபிஎஸ்டியில் பயனர் நிறுவுவது எல்லாம் ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ கோப்புறையில் உட்காரும். ஆனால் அந்த இயங்குதளத்தோடு வரும் கிளாங் கம்பைலர் தானாக அங்கே எட்டிப் பார்க்காது. நெட்பிஎஸ்டியில் அது ‘/யுஎஸ்ஆர்/பிகேஜி’. நிக்ஸ் என்ற பொதி மேலாளரில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் நீண்ட ஹாஷ் பெயர் தாங்கிய தனிக் கோப்புறை. அதைக் கையால் எழுதி வைக்க யாராலும் முடியாது, ஏனென்றால் மென்பொருளில் எது மாறினாலும் பெயரும் மாறும்.

ஹெடர் என்றால் ‘இன்க்ளூட்’ கோப்புறையில்தான் இருக்கும் என்ற நம்பிக்கைகூட எப்போதும் செல்லாது. ஜிலிப் லைப்ரரியின் ‘ஜிலிப்கான்ஃபிக்.ஹெச்’ என்ற ஹெடர், ‘லிப்’ கோப்புறைக்குக் கீழே ஜிலிப்-2.0, அதற்கும் கீழே இன்க்ளூட் என்று ஒளிந்திருக்கும். காரணம் நியாயமானது. அந்தக் கோப்பின் உள்ளடக்கம் சிப்புக்குச் சிப் வேறுபடும். ஆகவே சிப்பைச் சார்ந்த கோப்புகளோடு அதை வைத்திருக்கிறார்கள். முதன்முறை பார்க்கிறவர் இதை ஊகித்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

கையால் எழுதுவதும் கான்ஃபிக் ஸ்கிரிப்ட்டும்

விலாசத்தைக் கையால் எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிரல் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது என்றால் அது போதும். போகும் என்றால் வேண்டாம்.

கான்ஃபிக் ஸ்கிரிப்ட் நல்ல எண்ணத்தில் பிறந்தது. லைப்ரரியை எழுதியவர்களே சிறு ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றையும் சேர்த்து நிறுவுவார்கள். அதைக் கூப்பிட்டால் ஃப்ளாக்குகளைத் திரையில் எழுதித் தரும். ஜிடிகே 1.2 காலத்தில் ‘ஜிடிகே-கான்ஃபிக்’ இருந்தது. எக்ஸ்எம்எல்2, எஸ்டிஎல், கர்ல், லிபிஎன்ஜி, மைஎஸ்க்யூஎல் எல்லாவற்றுக்கும் இப்படி ஒன்று உண்டு. விலாசத்தை லைப்ரரியிடமே கேட்பது என்ற அடிப்படை இங்கேதான் தொடங்கியது. அந்தப் பெருமையை மறுக்க முடியாது.

ஆனால் மூன்று தொல்லைகள். ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டும் தனக்கென்று ஒரு பேச்சு வழக்கை வைத்திருக்கும். ஒன்றில் செல்லும் விருப்பம் மற்றொன்றில் செல்லாது. இரண்டு லைப்ரரிகளை ஒன்றாகக் கேட்க முடியாது. மூன்றாவதுதான் பெரிது: அது ஓடக்கூடிய நிரல். உங்கள் மடிக்கணினியில் இருந்துகொண்டு ஆர்ம் சிப் பலகைக்கு நிரல் கட்டும்போது, கட்டளைப் பாதையில் முதலில் அகப்படும் ஸ்கிரிப்ட் மடிக்கணினியுடையதாக இருக்கும். அது தன் வீட்டு விலாசத்தைக் கொடுக்கும். பலகையின் விலாசத்தை அல்ல. ஃப்ரீடைப் தன்னுடைய ‘ஃப்ரீடைப்-கான்ஃபிக்’ ஸ்கிரிப்ட்டை 2018-இல் வந்த 2.9.1 பதிப்பிலிருந்து தானாக நிறுவுவதில்லை. ஐசியு லைப்ரரியும் தன் ஸ்கிரிப்ட்டைக் கைவிடும்படி சொல்லிவிட்டது. புதிதாக எழுதுகிறவர் இந்த வழியில் இறங்க வேண்டிய தேவை இன்று இல்லை.

சோதித்துப் பார்க்கும் ஆட்டோகான்ஃப்

டேவிட் மெக்கென்சி 1991-இல் தொடங்கிய ஆட்டோகான்ஃப், யாரையும் நம்பாமல் தானே சோதித்துப் பார்க்கும். ஒரு லைப்ரரி இருக்கிறதா என்று கேட்டால், அதிலுள்ள ஒரு செயற்கூறைக் கூப்பிடும் குட்டி நிரலை எழுதி, கம்பைல் செய்து, நிரலையும் லைப்ரரியையும் ஒட்டும் லிங்கரிடம் கொடுக்கும். ஒட்டினால் இருக்கிறது, ஒட்டாவிட்டால் இல்லை.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இங்கே உண்டு. ஆட்டோகான்ஃப்பின் இந்தச் சோதனை லைப்ரரியைத் தேடுவதில்லை. கம்பைலர் ஏற்கெனவே பார்க்கும் இடங்களில் இருக்கிறதா என்று உறுதிப்படுத்துவதோடு சரி. ‘/ஆப்ட்/ஹோம்புரூ’ என்ற இடத்தில் இருப்பதைக் கம்பைலருக்கு நீங்கள் சொல்லியிருக்காவிட்டால், சோதனை ‘இல்லை’ என்றுதான் முடியும். என் நண்பரின் கணினியில் இந்த வழியும் தோற்றிருக்கும்.

சி மொழியின் அடிப்படை லைப்ரரியைச் சார்ந்த கேள்விகளுக்கு இதுவே சரியான கருவி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘டிஎல்ஓப்பன்’ என்ற செயற்கூறு லினக்ஸில் நெடுங்காலம் தனி லைப்ரரியில் இருந்தது. 2021-இல் வந்த, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் 2.34 பதிப்பு அதை மைய லைப்ரரிக்குள் சேர்த்துவிட்டது. இதற்கெல்லாம் விலாசக் கோப்பு எதுவும் கிடையாது. முதலில் எதுவும் சேர்க்காமல் ஒட்டிப் பார், ஒட்டாவிட்டால் தனி லைப்ரரியைச் சேர்த்து ஒட்டிப் பார் என்று ஆட்டோகான்ஃப் செய்வது இரண்டு காலத்துக்கும் பொருந்துகிறது.

எனக்கு இந்த முறையில் உள்ள பயம் வேறு. சோதனை நிரல் தோற்றால், அது எதனால் தோற்றது என்று யாரும் கேட்பதில்லை. 2024 மே மாதம் ஜிசிசி கம்பைலரின் 14-ஆம் பதிப்பு வெளிவந்தபோது, முன்பு வெறும் எச்சரிக்கையாக இருந்த பழைய சி வழக்கங்கள் சில பிழைகளாக மாறின. ‘மெயின்’ என்பதற்கு முன்னால் வகை எழுதாமல் விட்ட பழைய சோதனை நிரல்கள் கம்பைல் ஆகாமல் போயின. ஆட்டோகான்ஃப் உருவாக்கித் தரும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் அதைக் கம்பைலரின் மாற்றம் என்று புரிந்துகொள்ளாது. ‘இந்த வசதி இக்கணினியில் இல்லை’ என்று குறித்துக்கொண்டு மேலே போகும். மென்பொருள் கட்டப்பட்டுவிடும், ஒரு வசதி குறைந்து. யாருக்கும் தெரியாது.

இதே ஓட்டையை வேண்டுமென்றே பயன்படுத்திய நிகழ்ச்சியும் உண்டு. எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த பின்வாசலை மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்டு 2024 மார்ச் 29 அன்று வெளிப்படுத்தினார். பின்வாசலைத் திறந்துவிட்டது, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்த ஆட்டோகான்ஃப் மேக்ரோக் கோப்பு (ஒரு பெயரை நீண்ட நிரலாக விரித்துத் தரும் கோப்பு) ஒன்று. பிறகு அலசியபோது இன்னொன்றும் அகப்பட்டது. லினக்ஸின் லேண்ட்லாக் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சிமேக் சோதனை நிரலுக்குள் ஒரே ஒரு முற்றுப்புள்ளி தனியாகக் கிடந்தது. அந்தப் புள்ளியால் சோதனை எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. ஆகவே சிமேக்கால் கட்டினால் பாதுகாப்பு எங்கும் சேராது. மாற்றங்களைக் கண்ணால் படித்தவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். சோதனை தோற்பதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும் எந்த முறைக்கும், சிமேக்கோ ஆட்டோகான்ஃப்போ, இந்த ஆபத்து இருக்கிறது. நான் இப்போது சோதனை எழுதினால் அதன் தோல்வியைப் பதிவுக் கோப்பில் ஒரு முறையாவது திறந்து படிக்கிறேன்.

விலாசத்தை எழுதிவைக்கும் முறை

பேக்கேஜ்-கான்ஃபிக் கட்டளையைப் ‘பிகேஜி-கான்ஃபிக்’ என்று சுருக்கித் தட்ட வேண்டும். லினக்ஸ் திரைச்சூழலான க்னோம் திட்டத்தின் கான்ஃபிக் ஸ்கிரிப்ட்டுகள் பெருகித் தொல்லை கொடுத்தபோது, அவற்றுக்கு மாற்றாக ஜேம்ஸ் ஹென்ஸ்ட்ரிட்ஜ் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட்டாகத் தொடங்கி, பிறகு ஹேவக் பென்னிங்டன் கையில் சி நிரலாக மாறியது. இன்று பெரும்பாலான இடங்களில் அந்தப் பெயரைத் தட்டினால் உண்மையில் ஓடுவது பேக்கேஜ்-கான்ஃப் என்ற புதிய நிரல். ஃபெடோரா 2017-இல் 26-ஆம் பதிப்பிலும், டெபியன் 2023-இல் 12-ஆம் பதிப்பிலும் அதற்கு மாறின. பழையதைக் கட்ட ஜிலிப் வேண்டும், ஜிலிப்பைக் கட்டப் பேக்கேஜ்-கான்ஃபிக் வேண்டும் என்ற சுற்று புதியதில் இல்லை. பயன்படுத்துகிறவருக்கு வேறு பெரிய வித்தியாசம் தெரியாது.

முறை எளிது. லைப்ரரியை நிறுவும்போதே ‘.பிசி’ என்று முடியும் ஒரு எழுத்துக் கோப்பும் நிறுவப்படுகிறது. ‘ஃப்ரீடைப்2.பிசி’ கோப்பைத் திறந்து பாருங்கள்; இருபது வரி இருந்தால் அதிகம். மேலே நிறுவிய இடத்தின் வேர், அடுத்து லைப்ரரிக் கோப்புறை, ஹெடர் கோப்புறை. கீழே பெயர், பதிப்பு, சார்ந்திருக்கும் மற்ற லைப்ரரிகள். கடைசியில் லிங்கருக்கும் கம்பைலருக்கும் தர வேண்டிய ஃப்ளாக்குகள். ஓடும் நிரல் எதுவும் அதில் இல்லை. மனிதரும் படிக்கலாம், எந்தக் கருவியும் படிக்கலாம். கோ மொழி, சி நிரல்களை இணைக்கும் தன் சிகோ வழியாக இதைப் படிக்கிறது. ரஸ்ட் மொழிக்கும் இதைப் படிக்கும் பொதி உண்டு.

‘பிகேஜி-கான்ஃபிக் --சிஃப்ளாக்ஸ் --லிப்ஸ் ஃப்ரீடைப்2 ஹார்ஃப்பஸ்’ என்று என் டெபியனில் கேட்டால், ஃப்ரீடைப்பின் கோப்புறையோடு லிபிஎன்ஜி, ஜிலிப் ஆகியவற்றின் ஹெடர் கோப்புறைகளும் வருகின்றன. முன்பு சொன்ன ‘லிப்’ கோப்புறைக்குள் ஒளிந்த ஜிலிப் ஹெடரின் இடமும் அதில் இருக்கிறது. ஆனால் ‘/யுஎஸ்ஆர்/இன்க்ளூட்’ மட்டும் வராது. கம்பைலர் தானாகவே பார்க்கும் இடங்களைப் பேக்கேஜ்-கான்ஃபிக் தெரிந்தே நீக்கிவிடுகிறது; அவற்றைத் திரும்பச் சொன்னால் தேடும் வரிசை கெடும். பதிலில் கேப்பிடல் எல் எதுவுமே இல்லையே என்று பதற வேண்டாம்.

இந்த முறையின் மதிப்பை நான் உணர்ந்தது ஃப்ரீடைப்பின் பழைய வரலாற்றைப் படித்தபோதுதான். 2013-இல் வந்த 2.5.1 பதிப்பில் ஹெடர் கோப்புகளின் அமைப்பையே மாற்றினார்கள். பிறகு அது மறுபடி மாறியது. கோப்புறையைப் பேக்கேஜ்-கான்ஃபிக்கிடம் கேட்டு, ஹெடரை ஆவணத்தில் சொன்னபடி சேர்த்தவர்கள் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. சிமேக்கோடு வந்த ஃப்ரீடைப் தேடல் கோப்பு பழைய இடத்தைத் தேடியது. லைப்ரரி கண்ணெதிரே இருக்க, ‘ஃப்ரீடைப் கிடைக்கவில்லை’ என்றது. அந்தத் தேடல் கோப்பு திருத்தப்படும் வரை அதை நம்பிய மென்பொருள்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. வீடு மாறியவர் அஞ்சலகத்தில் புது விலாசம் கொடுத்துவிட்டுப் போனார். அஞ்சலகத்தைக் கேட்டவருக்கு வழி கிடைத்தது; பழைய தெருவில் கதவைத் தட்டியவர் திரும்பி வந்தார்.

குறைகளும் இருக்கின்றன. லைப்ரரியின் பெயரும் பிசி கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ‘ஃப்ரீடைப்’ என்று கேட்டால் கிடைக்காது. ‘ஃப்ரீடைப்2’ என்று கேட்க வேண்டும். லிங்கருக்கு வெறும் ‘இசட்’ ஆன லைப்ரரி இங்கே ‘இசட்லிப்’. ‘--லிஸ்ட்-ஆல்’ என்று கேட்டுப் பட்டியலில் தேடுவதே நல்லது.

பதிப்பு எண்ணில் இன்னொரு பொறி. பிசி கோப்பில் எழுதியவர் எந்த எண்ணை எழுதினாரோ அதுதான் பதில். ஃப்ரீடைப் 2.13.2 தன் பதிப்பை அங்கே 26.1.20 என்று சொல்கிறது. அது அதன் லிப்டூல் எண், அதாவது பகிர்வு லைப்ரரியின் பொருத்தத்தைக் குறிக்கும் வேறொரு எண் வரிசை. ஆகவே ‘2.10-க்கு மேல் இருக்கிறதா’ என்று கேட்டால் எவ்வளவு பழைய ஃப்ரீடைப்பும் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடும், ஏனென்றால் அந்த எண் வரிசை எப்போதுமே இரண்டைத் தாண்டி ஓடுகிறது. எத்தனையோ மேக்ஃபைல்களில் இப்படிப் பயனற்ற நிபந்தனை உட்கார்ந்திருக்கிறது. என்னுடையதிலும் இருந்தது.

பேக்கேஜ்-கான்ஃபிக்கை ஆட்டோகான்ஃப்போடு சேர்த்துப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு விசித்திரமான பிழையைச் சந்திப்பார்கள். கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டை உருவாக்கும் கணினியில் அதற்கான மேக்ரோக் கோப்பு இல்லையென்றால், மேக்ரோவின் பெயர் அப்படியே ஸ்கிரிப்ட்டுக்குள் தங்கிவிடும். ஓட்டும்போது ஷெல் ‘இலக்கணப் பிழை’ என்று கத்தும். பிழைச் செய்தியில் பேக்கேஜ்-கான்ஃபிக் விடுபட்டது என்று ஒரு சொல் இருக்காது. அதை நிறுவி, ஸ்கிரிப்ட்டை மீண்டும் உருவாக்கினால் சரியாகிவிடும்.

வேறு சிப்புக்குக் கட்டும்போது

இங்கே மாறிகளின் பெயர்கள் குழப்பும். எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்க இதில் போனது. ஆர்ம் சிப் பலகைக்காக மடிக்கணினியில் கட்டினேன். ‘பிகேஜி_கான்ஃபிக்_பாத்’ என்ற சூழல் மாறியில் பலகையின் பிசி கோப்புறையைக் கொடுத்தேன். ஒரு லைப்ரரி பலகையிலிருந்தும் மற்றொன்று மடிக்கணினியிலிருந்தும் வந்து, லிங்கர் ‘பொருந்தாத கோப்பு, தவிர்க்கிறேன்’ என்று வரிசையாக எழுதியது.

காரணம், அந்த மாறி இருக்கும் பட்டியலின் முன்னால் கூடுதல் இடத்தைச் சேர்க்கும். பழைய பட்டியலை நீக்காது. பலகையில் இல்லாததை மடிக்கணினியில் தேடி எடுத்துக் கொடுத்துவிடும். கொடுக்க வேண்டியது ‘பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர்’. அது பட்டியலையே மாற்றிவிடும். இல்லாதது இல்லை என்றே வரும். பிசி கோப்பில் உள்ள பாதைகளுக்கு முன்னால் பலகையின் வேர்க் கோப்புறையை ஒட்ட ‘பிகேஜி_கான்ஃபிக்_சிஸ்ரூட்_டிர்’. இவை இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். டெபியனில் இலக்குச் சிப்பின் பெயரை முன்னொட்டாகக் கொண்ட பேக்கேஜ்-கான்ஃபிக் கட்டளை கிடைக்கிறது. அதைக் கூப்பிட்டால் இதையெல்லாம் நாம் அமைக்க வேண்டியதில்லை. அதனால்தான் மேக்ஃபைலில் கட்டளைப் பெயரை நேராக எழுதாமல் ஒரு மாறியில் வைக்க வேண்டும். கட்டுகிறவர் தம் கட்டளையை அதில் மாற்றிக்கொள்வார்.

சிமேக்கும் மெசானும்

சிமேக் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் நிதியில் நடந்த மருத்துவப் படத் திட்டம் ஒன்றுக்காகக் கிட்வேர் நிறுவனத்தில் பிறந்தது. அதில் லைப்ரரியைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள். ஒன்று, தேடல் கோப்பு: ஹெடரும் லைப்ரரியும் இருக்கக்கூடிய இடங்களை அது ஒவ்வொன்றாகத் தேடும். இது ஊகம், ஃப்ரீடைப் விஷயத்தில் தோற்றது இதுதான். மற்றொன்று, லைப்ரரியை எழுதியவரே சேர்த்து நிறுவும் சிமேக் கான்ஃபிக் கோப்பு. இது பிசி கோப்பைப் போன்ற விலாசம். அதைவிட விவரமும் அதிகம். பிழைநீக்கப் பதிப்பு, வெளியீட்டுப் பதிப்பு இரண்டையும் பிரித்துச் சொல்லும். விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோவோடு நன்றாகப் பொருந்தும். ஆனால் அது சிமேக் மொழியில் எழுதிய நிரல். சிமேக்கைத் தவிர வேறு யாராலும் அதைச் சரியாகப் படிக்க முடியாது.

இன்னொரு தொல்லை, கண்டதை நினைவில் வைக்கும் கேஷ் கோப்பு. ஒருமுறை கண்டுபிடித்த பாதையைச் சிமேக் எழுதிவைத்துக்கொள்ளும். லைப்ரரியின் புதிய பதிப்பை வேறிடத்தில் நிறுவிவிட்டு மறுபடி ஓட்டினால் பழையதையே காட்டும். என்ன செய்தும் மாறவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் கட்டும் கோப்புறையை அழித்துவிட்டுத் தொடங்கினால் போதும்.

ஹார்ஃப்பஸுக்குச் சிமேக் தன்னோடு தேடல் கோப்பு தருவதில்லை. பல திட்டங்கள் தாமே ஒன்றை எழுதி வைத்திருக்கின்றன. அதைவிட, சிமேக்குக்குள்ளிருந்தே பேக்கேஜ்-கான்ஃபிக்கைக் கேட்பது நல்லது. 3.6 பதிப்பிலிருந்து அந்தப் பதிலை முறையான சிமேக் இலக்காகவே பெற்றுக்கொள்ள முடிகிறது.

மெசான் ஃபின்லாந்துக்காரர் யுசி பாக்கனென் தொடங்கியது. முதல் வெளியீடு 2013. ‘இந்த லைப்ரரி வேண்டும்’ என்று ஒரு வரி எழுதினால் முதலில் பேக்கேஜ்-கான்ஃபிக்கைக் கேட்கும், பிறகு சிமேக்கைக் கேட்கும். இரண்டும் கைவிட்டால், நீங்கள் அனுமதித்திருந்தால் லைப்ரரியின் மூலத்தை இறக்கிக் கூடவே கட்டிக்கொள்ளும். எனக்கு இந்த வரிசை மிகவும் பிடிக்கும். வேறு சிப்புக்கான விவரங்களைத் தனிக் கோப்பில் எழுதச் சொல்வதால், மேலே சொன்ன மாறிக் குழப்பமும் குறைகிறது. பைத்தான் மொழியும் நிஞ்சா என்ற கட்டும் கருவியும் வேண்டும் என்பதுதான் கூடுதல் சுமை.

எந்த வழியை எடுத்தாலும் தனியாக நிற்கும் ஒரு செய்தி: கட்டும்போது கிடைத்த லைப்ரரி ஓடும்போதும் கிடைக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. வீட்டுக் கோப்புறையில் நிறுவிய லைப்ரரியைப் பேக்கேஜ்-கான்ஃபிக் சரியாகக் காட்டும், லிங்கரும் ஒட்டும். நிரலை ஓட்டினால் பகிர்வு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்று நிற்கும். ஓடும்நேரப் பாதையைப் பிசி கோப்புகள் பொதுவாகச் சொல்வதில்லை. சிமேக்கும் மெசானும் கட்டும் கோப்புறைக்குள் இருக்கும் வரை அதைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. வெறும் மேக்ஃபைல் என்றால் லிங்கருக்கு ‘ஆர்பாத்’ கொடுப்பது உங்கள் வேலை.

எதை எப்போது

முந்நூறு வரி நிரல், இரண்டு மூன்று லைப்ரரிகள், லினக்ஸ், மேக், பிஎஸ்டி மட்டும் என்றால் மேக்ஃபைலும் பேக்கேஜ்-கான்ஃபிக்கும் போதும். அதற்குமேல் கருவி கூட்டுவது வீண் பாரம். புதிதாகத் தொடங்கும் நடுத்தரத் திட்டம் என்றால் மெசான். விண்டோஸ் பயனர்கள் விஷுவல் ஸ்டுடியோவில் திறக்கப்போகிறார்கள், அல்லது நீங்கள் சார்ந்திருக்கும் லைப்ரரிகளில் பாதி சிமேக் கான்ஃபிக் மட்டுமே தருகின்றன என்றால் சிமேக். ஆட்டோகான்ஃப் ஏற்கெனவே ஓடும் பழைய திட்டத்தில் அதைப் பிடுங்க வேண்டாம்; லைப்ரரி தேடும் சோதனைகளை மட்டும் பேக்கேஜ்-கான்ஃபிக் மேக்ரோவுக்கு மாற்றுங்கள். அந்த மேக்ரோவில் ஒரு வசதி இருக்கிறது: ஃப்ளாக்குகளைப் பயனர் சூழல் மாறியாகக் கொடுத்துவிட்டால் அது பேக்கேஜ்-கான்ஃபிக்கைக் கேட்காமலே அதை ஏற்றுக்கொள்ளும். விசித்திரக் கணினி வைத்திருப்பவருக்கு அது பெரிய உதவி.

நீங்கள் லைப்ரரியே எழுதுகிறவர் என்றால், எந்தக் கருவியில் கட்டினாலும் பிசி கோப்பு ஒன்றைத் தயவுசெய்து நிறுவுங்கள். அதில் உங்கள் ஹெடரை யார் பயன்படுத்தினாலும் தேவைப்படும் லைப்ரரிகளை வெளிப்படையாகவும், நிலையாக இணைக்கும்போது மட்டும் தேவைப்படுவதைத் தனிப்பட்ட பகுதியிலும் எழுதுங்கள். பதிப்பு வரியில் மக்கள் அறிந்த பதிப்பு எண்ணையே எழுதுங்கள்.

என் நிரலின் மேக்ஃபைலில் இப்போது கையால் எழுதிய பாதை ஒன்றும் இல்லை. பேக்கேஜ்-கான்ஃபிக் கட்டளைக்கு ஒரு மாறி, கம்பைல் ஃப்ளாக்குகளுக்கு ஒன்று, லிங்க் ஃப்ளாக்குகளுக்கு ஒன்று. லைப்ரரிகளின் ஸ்மால் எல் வரிசை கட்டளையின் கடைசியில், கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் கோப்புகளுக்குப் பின்னால் வருகிறது. உபுண்டு 2011-இன் 11.10 பதிப்பிலிருந்து, முன்னால் எழுதிய லைப்ரரியை லிங்கர் தேவையில்லாதது என்று விட்டுவிடுகிறது. ஹார்ஃப்பஸுக்கு உண்மையான பதிப்பு நிபந்தனை. ஃப்ரீடைப்புக்கு லிப்டூல் எண்ணில் நிபந்தனை, பக்கத்தில் அது எந்தப் பதிப்பைக் குறிக்கிறது என்ற குறிப்பு.

நண்பரின் மேக்கில் பேக்கேஜ்-கான்ஃபை நிறுவியதும் அதே நாளில் கட்டி முடித்தார். வழிகாட்டிக் கோப்பில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: ஹோம்புரூ சில லைப்ரரிகளைப் பொது இடத்தில் வைக்காமல் தனிக் கோப்புறையிலேயே ஒதுக்கி வைக்கும், அப்படிப்பட்ட ஒன்று தேவைப்பட்டு ‘கிடைக்கவில்லை’ என்று வந்தால், அந்தக் கோப்புறைக்குள் இருக்கும் பிசி கோப்புகளின் இடத்தைப் ‘பிகேஜி_கான்ஃபிக்_பாத்’ மாறியில் கொடுத்துவிட்டு மறுபடி கட்டவும்.